டைவருக்கு எந்தக் கடலும் ஓகே... தங்கமணிக்கு?

மக்களே, இந்தப் பதிவு வீட்டில் ஒருவர் ஸ்கூபா டைவர், இன்னொருவர் மூக்குக்கண்ணாடி மாதிரி மாஸ்க்கும் வாயில் ஒரு குழாயும் மாட்டிக்கொண்டு மேலாகவே மிதக்கிறவர் (அதான் ஸ்நார்க்கலிங்) என்று வாழ்கிற தம்பதிகளுக்கு. டைவர் என்றாலே ரங்கமணிதான், கரையில் பை காவல் காக்கிறது தங்கமணிதான் என்று நினைக்க வேண்டாம். கேஸ் உல்ட்டாவாகவும் இருக்கும். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அம்மணி முப்பது மீட்டரில் இருப்பார், ஐயா மேலே லைஃப் ஜாக்கெட்டில் தொங்குவார் :-)

உழவர்கரையில் உட்கார்ந்துகொண்டு இதெல்லாம் தேவையா என்றால், தேவைதான். புதுச்சேரியிலேயே டைவிங் கற்றுக்கொடுக்கிறார்கள். வாரக் கடைசியில் கார்டு வாங்கிவிட்டு வருகிற நம்ம பக்கத்து ஆட்கள் அடுத்து கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்று: "லீவுக்கு எங்க போகலாம், வீட்லயும் கூட வராங்க." சொல்தா குடும்பமாக இருந்தால் கேள்வி இன்னும் பெரிதாகும்: "பையன் பாரிஸ்ல இருக்கான், கரீபியன் போகலாமாங்கறான், எந்தத் தீவு?"

இதற்கு ஊரில் எல்லாரும் சொல்கிற பதில், எங்கே டைவிங் பிரமாதமோ அங்கே போ, கூட வருகிறவர் ஏதாவது பார்த்துக்கொள்வார் என்பது. என் கட்சி நேர் எதிர். இடத்தை ஸ்நார்க்கல் போடுகிறவரை வைத்து முடிவு பண்ணுங்கள். டைவருக்கு அங்கேயே ஏதாவது கிடைக்கும்.

காரணம் சொல்கிறேன். டைவரிடம் காற்றுச் சிலிண்டர் இருக்கிறது. சாதாரண கார்டுக்கே 18 மீட்டர், அடுத்த கார்டுக்கு 30 மீட்டர் வரை இறங்கலாம். மேலே அலை அடித்தாலும் கீழே பத்து மீட்டரில் அமைதியாக இருக்கும். பவளம் கரையிலிருந்து ஐந்து கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் படகு கொண்டுபோய் விடும். மிதக்கிறவருக்கு இதில் ஒன்றும் கிடையாது. அவருக்குக் கடல் என்பது மேலே உள்ள மூன்று நான்கு மீட்டர் மட்டும். அந்த ஆழத்துக்குள் பவளமும் மீனும் இருக்கணும், தண்ணீர் தெளிவாக இருக்கணும், அலை முகத்தில் அடிக்கக் கூடாது, முடிந்தால் மணலில் நடந்தே இறங்கணும். இவ்வளவும் சேர்ந்த இடங்கள் உலகத்திலேயே கொஞ்சம்தான். அரிதாகக் கிடைப்பதை முதலில் பிடிக்கணும், எளிதாகக் கிடைப்பது தானாக வரும். கல்யாண மண்டபத்துக்குத் தேதி கேட்டுவிட்டுத்தானே பத்திரிகை அடிக்கிறோம்?

இன்னொரு காரணம் கொஞ்சம் சீரியஸானது. டைவர் தண்ணீருக்குள் போகும்போது கூட ஒரு ஜோடி இருக்கணும் என்று விதி. வழிகாட்டி இருப்பார், இறங்குமுன் உபகரணச் சோதனை உண்டு, மேலே படகு காத்திருக்கும். ஸ்நார்க்கல் போடுகிறவருக்கு? வாடகை மாஸ்க் ஒன்று, "தூரமா போகாத" என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான். நீச்சல் அதிகம் தெரிந்தவர் யாரோ அவருக்கு நான்கு பாதுகாப்பு, குறைவாகத் தெரிந்தவருக்கு ஒன்றுமில்லை! இது எப்படி சரி? ஒருவர் தனியாகத் தண்ணீரில் இருக்கப்போகிறார் என்றால், அவர் தனியாக இருந்தாலும் ஆபத்து குறைவான கடலாகத்தான் தேடணும்.

இந்த அளவுகோலை வைத்து ஒவ்வொரு ஊராகப் பார்ப்போம்.

நம்ம புதுச்சேரி. டைவருக்குப் பரவாயில்லை, படகில் போய் இறங்கினால் மீன் கூட்டம் நிறைய. மிதக்கிறவருக்குப் பூஜ்யம். நம்ம கரை மணல் கரை, அலை உடைகிற கரை. மணல் கலங்கிக்கொண்டே இருக்கும், கரையோரப் பவளமும் கிடையாது. ஐப்பசி கார்த்திகை மழையில் ஆற்றுத் தண்ணீரும் சேர்ந்துவிட்டால் காபிதான். கற்றுக்கொள்ள இந்தக் கடல் போதும், தம்பதி சமேதராய் லீவு போட இது இல்லை.

முருதேஸ்வர் பக்கம் நேத்ராணி. பெங்களூரு நண்பர்கள் இதைத்தான் சொல்வார்கள். கரையிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் படகு, நடுக்கடலில் ஒரு பாறைத் தீவு, இறங்கி நடக்க வழியில்லை. டைவர் கீழே சந்தோஷமாக இருக்கும் நேரத்தில் துணைவர் ஆடுகிற படகில் எலுமிச்சம்பழம் முகர்ந்துகொண்டிருப்பார். படகிலிருந்தே மிதந்து பார்க்கலாம்தான், ஆனால் முதல் தடவை கடலில் முகம் வைக்கிறவருக்கு இது இடமில்லை.

அந்தமான். சென்னையிலிருந்து இரண்டு மணி நேர விமானம், அப்புறம் கப்பல். ஹேவ்லாக் (2018 முதல் ஸ்வராஜ் தீவு) டைவருக்குத் தங்கம். ஜானிஸ் கார்ஜ், டிக்சன்ஸ் பினக்கிள் எல்லாம் நல்ல ஆழமான இடங்கள். அங்கே மிதக்கிறவருக்கு உள்ள பிரபலமான இடம் எலிஃபன்ட் பீச். அதற்கும் படகில் போகணும், இல்லை காட்டு வழியே நடக்கணும். போனால் ஒரு ஊரே ஒரே குழாயில் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். 2010 வெயிலில் அந்தமானின் ஆழமற்ற பவளம் நிறைய வெளுத்துச் செத்தது. ஆழத்தில் இருப்பதைவிட மேலே இருப்பதுதான் அதிகம் அடிவாங்கியது. அதாவது நஷ்டம் துணைவருக்கு! முதலை எச்சரிக்கைப் பலகை வைத்த கரைகளும் உண்டு, அங்கே தனியாக இறங்கவே கூடாது. அந்தமான் போங்கள், ஆனால் "ரெண்டு பேருக்கும் சமம்" என்று சொல்லி அழைத்துப் போகாதீர்கள்.

லட்சத்தீவு. தீவைச் சுற்றிப் பவள வேலி, உள்ளே குளம் மாதிரி தண்ணீர், வெளியே டைவிங். பங்காரம், கட்மத் இரண்டுமே என் அளவுகோலுக்கு முழு மார்க். அனுமதிச் சீட்டு வாங்கணும், கொச்சி போய் ஏறணும், தங்க இடம் கொஞ்சம்தான். பொறுமை இருந்தால் சரி.

மாலத்தீவு. இந்தியர்களுக்குப் போய் இறங்கினதும் விசா. இங்கே பார்க்க வேண்டியது ஒரே ஒரு விஷயம்: தங்குகிற தீவின் கரையிலேயே பவளத்திட்டு இருக்கிறதா? ஹவுஸ் ரீஃப் என்பார்கள். சில தீவுகளில் அறையிலிருந்து ஐம்பது அடி நடந்தால் சுறாக்குட்டி தெரியும். சிலவற்றில் நீலத் தண்ணீரும் வெறும் மணலும்தான், போட்டோவுக்கு அழகு. இரண்டும் விளம்பரத்தில் ஒரே மாதிரி இருக்கும். கேட்டு வாங்கணும்.

இப்போ என் ஓட்டு யாருக்கு? திருகோணமலைக்குப் பக்கத்து நிலாவெளி. கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீட்டரில் புறாத்தீவு, 2003 முதல் தேசியப் பூங்கா. படகில் பத்துப் பதினைந்து நிமிஷம். தீவில் மணல் கரையில் இறங்கி நடந்தே தண்ணீருக்குள் போகலாம், இடுப்பளவு ஆழம் தாண்டினதும் பவளம், கறுப்புமுனைச் சுறாக்குட்டிகள் (பொதுவாகக் கடிக்காது, உங்களைப் பார்த்து அதுதான் ஓடும்). அதே தீவைச் சுற்றியுள்ள பாறைகளில் டைவர் இறங்கலாம். இரண்டு பேரும் ஒரே திசையில் போய், மத்தியானம் ஒரே கதையைப் பேசிக்கொண்டு திரும்பலாம். சாப்பாட்டுக்கும் பேச்சுக்கும் தமிழ். வேறென்ன வேணும்?

சீசன்தான் முக்கியம். மே முதல் செப்டம்பர் வரை. அப்போது தென்மேற்குக் காற்று, நிலத்தைத் தாண்டித்தான் கிழக்குக் கரைக்கு வரும், அதனால் கடல் அடங்கியிருக்கும். நவம்பர், டிசம்பரில் போனால் நம்ம ஊர் மழைக் கடலேதான் அங்கேயும். காலை ஏழு மணிக்குத் தீவில் இருங்கள், பத்து மணிக்கு மேல் கூட்டம் வந்து பவளத்தின் மேலேயே நிற்கும், பார்க்க மனசு தாங்காது. டைவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மட்டக்களப்புப் பக்கம் 1942-ல் மூழ்கிய ஹெர்மெஸ் போர்க்கப்பல் இருக்கிறது என்று சொல்லிப் பயணத்தைத் திருப்பாதீர்கள். அது 50 மீட்டருக்கும் கீழே. பெரும்பாலான கார்டுகளுக்கு எட்டாது, மிதக்கிறவருக்கு அது வெறும் கடல்.

சரி, கரீபியன் கேட்ட சொல்தா வீட்டுக்காரருக்கு வருவோம். பெயர்பெற்ற மூன்று இடங்களை எடுத்துக்கொள்வோம். மெக்சிகோவின் கோசுமெல்லில் நீரோட்டம் டைவரை இழுத்துக்கொண்டே போகும், படகு பின்னாலேயே வரும். அனுபவம் அலாதி, ஆனால் பெயர் வாங்கிய பாறைகள் எல்லாம் ஆழத்தில். போனேர் தீவு நேர் எதிர். 1979 முதல் கடல் பூங்கா, சாலையோரம் மஞ்சள் பெயின்ட் அடித்த கல் எங்கே இருக்கிறதோ அங்கே இறங்கினால் பவளம். டைவரும் மிதக்கிறவரும் ஒரே இடத்தில் இறங்கலாம். குறை, பல இடங்களில் மணல் கிடையாது, உடைந்த பவளக் கல்லின் மேல் நடக்கணும். முழங்கால் வலி உள்ளவர்கள் யோசிக்கணும்.

மூன்றாவதுதான் நம்ம ஊர்க்காரருக்கு என் சாய்ஸ்: குவாதலூப். மேற்குக் கரையில் மாலாந்தூர் கடற்கரை. எதிரே ஒரு கிலோமீட்டர் போல தள்ளி இரண்டு குட்டித்தீவுகள், அதற்கும் பெயர் புறாத்தீவுகள்தான், இலே பிஜோன்! கூஸ்தோ பெயரால் அழைக்கப்படும் டைவிங் இடம், 12 மீட்டரில் அவர் சிலையே இருக்கிறது. மிதக்கிறவருக்கு மாலாந்தூர் கரையோரத்திலேயே கடற்புல் மேய வருகிற ஆமைகள். அட்லாண்டிக் பக்கம் அடிக்கும் காற்றை நடுவிலுள்ள மலை தடுத்துவிடுகிறது, அதனால் இந்தப் பக்கம் தண்ணீர் அடங்கியிருக்கும். நிலாவெளிக்குச் சொன்ன அதே கணக்கு. 2011-க்கு அப்புறம் கரீபியனைப் படுத்துகிற சர்காசம் பாசியும் பெரும்பாலும் கிழக்குக் கரையில்தான் ஒதுங்கும். ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம், தவிர்த்துவிடுங்கள்.

பிரெஞ்சு நேஷனாலிட்டி இருந்தால் பாரிஸிலிருந்து எட்டரை மணி நேரம் போல உள்நாட்டுப் பயணம். வீட்டில் ஒருவருக்கு இந்தியப் பாஸ்போர்ட் என்றால் கவனம்: செங்கன் விசா இருந்தால் மட்டும் அங்கே போய்விட முடியாது, கடல்கடந்த பிரெஞ்சுப் பகுதிகளுக்கென்று விசாவில் தனியாக இருக்கணும். டைவர் பாஸ்போர்ட்டைப் பார்த்து டிக்கெட் போட்டுவிட்டு, துணைவருடையதை ஏர்போர்ட்டில் பார்க்காதீர்கள்.

இன்னொரு விஷயம். 1854 டிசம்பரில் முதல் கப்பல் போனதிலிருந்து நம்ம புதுச்சேரி, காரைக்கால் வழியாகக் கரும்புத் தோட்டத்துக்குப் போனவர்களின் வம்சம் அங்கே இருக்கிறது. சாங்கி என்ற இடத்தில் கோயில், சந்தையில் கொலம்போ என்கிற மசாலா. டைவர் காலையில் இரண்டு முறை இறங்கிவிட்டு வர அரை நாள் ஆகும். அந்த அரை நாளில் துணைவருக்கு மனசுக்கு நெருக்கமாக ஒன்று இருப்பது சாதாரண விஷயம் இல்லை.

எங்கே போனாலும் மூன்று விதி வையுங்கள்.

1. கடைசி நாள் துணைவருடையது. பல முறை டைவ் பண்ணினவர் விமானம் ஏறுமுன் குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி விடணும் என்பது வழிகாட்டுதல். அந்த நாளில் டைவரும் குழாயை மாட்டிக்கொண்டு கூடவே மிதக்கணும். ஜோடி என்றால் அதுதான் ஜோடி.

2. மிதக்கிறவருக்கு சொந்த மாஸ்க், பவர் கண்ணாடி போடுகிறவர் என்றால் பவர் போட்ட மாஸ்க். மைனஸ் நாலு பவர்காரருக்கு வாடகை மாஸ்க்கில் மாலத்தீவும் ஒன்றுதான், வீட்டுத் தண்ணீர்த்தொட்டியும் ஒன்றுதான். முழுக்கை நீச்சல் சட்டையும் வாங்குங்கள், முதுகு கருகாமல் இருக்கும்.

3. டைவர் கீழே இருக்கும் நேரத்தில் மேலே இருப்பவருக்கும் காசு கொடுத்து ஒரு வழிகாட்டி. ஆயிரக்கணக்கில் டைவிங்குக்குச் செலவு பண்ணுகிறவர் இதில் கணக்குப் பார்த்தால், அவர் லீவுக்குத் தனியாகவே போகலாம்.

நிறையப் பேர் "அவங்களுக்குக் கடல்ல இஷ்டமே இல்லைங்க" என்பார்கள். எத்தனை பேருக்கு உண்மையிலேயே இஷ்டமில்லை, எத்தனை பேர் முதல் தடவையே தப்பான கடலில் இறக்கப்பட்டார்கள் என்பதுதான் கேள்வி. அலையிலும் கலங்கலிலும் உப்புத்தண்ணீர் குடித்தவர் மறுபடி வரமாட்டார். தெளிந்த இடுப்பளவு தண்ணீரில் ஒரு ஆமையைப் பார்த்தவர் அடுத்த வருஷம் தானே டிக்கெட் விலை பார்ப்பார். சிலர் டைவிங் வகுப்புக்கே பெயர் கொடுத்துவிடுவார்கள். அப்புறம் செலவு டபுள், அதற்கு நான் பொறுப்பில்லை :-)

டிஸ்கி: எந்த டைவிங் கடையும் எனக்கு இதற்காக ஒரு டீ கூட வாங்கித்தரவில்லை.