உலகம் விழித்த ஆண்டு, தமிழன் விழித்தானா?

1991! உலகப் படம் வரைவோரின் கை ஓயாத ஆண்டு அது. சனவரியில் வளைகுடாவில் குண்டுமழை பொழிந்தது. சூன் 25-இல் சுலோவேனியரும் குரோவாசியரும் தம் விடுதலையை அறிவித்தனர். செபுதம்பர் 17-இல் எசுத்தோனியா, இலாத்துவியா, இலித்துவேனியா ஆகிய மூன்று நாடுகளும் ஒன்றிய நாடுகள் அவையில் இருக்கை பெற்றன. திசம்பர் முடிவதற்குள் சோவியத்து ஒன்றியம் என்னும் பெருமரம் வேரோடு சாய்ந்தது. பதினைந்து நாடுகள் தனித்தனியே தலைநிமிர்ந்தன.

பெருமரம் ஏன் சாய்ந்தது? கடைகளில் பண்டமில்லை, கருவூலத்தில் பணமில்லை, ஆதலின் சாய்ந்தது என்பர் பொருளியலார். அதுவும் ஒரு கரணியமே. ஆனால் அம் மூன்று சிறு நாடுகளும் முதலில் எதைக் கேட்டன? தம் மொழிக்கு அரியணை கேட்டன! 1989-இன் முற்பாதிக்குள்ளேயே மூன்றும் தத்தம் மொழியை ஆட்சிமொழியாக்கிச் சட்டம் செய்துகொண்டன. அவ்வாண்டு ஆகத்து 23-இல் ஏறத்தாழ இருபது இலக்கம் மக்கள், அறுநூறு கிலோமீட்டர் தொலைவுக்குக் கைகோத்து நின்றனர். மொழி முன்னே சென்றது. விடுதலை பின்னே வந்தது.

எசுத்தோனியாவின் மக்கள்தொகை அன்று பதினாறு இலக்கத்தை எட்டவில்லை. அவருள்ளும் ஏறத்தாழ அறுபது விழுக்காட்டினரே எசுத்தோனியர். அதே 1991-இன் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்கள் ஐந்தரைக் கோடிக்கும் மேல்! ஐந்தரைக் கோடிப் பேருக்கு அவ்வாண்டு என்ன கிடைத்தது?

சனவரி 30-இல், மக்கள் தேர்ந்தெடுத்த ஆட்சி தில்லியின் ஒற்றைக் கையெழுத்தால் கலைக்கப்பட்டது. ஆளுநர் பர்னாலா அதற்கு அறிக்கை தர மறுத்தும் கலைப்பு நின்றதா? இல்லை. சுலோவேனியர் விடுதலை அறிவித்த அதே சூன் 25-இல், காவிரி நடுவர் மன்றம் தமிழ்நாட்டிற்கு ஆண்டுக்கு 205 ஆயிரம் பருவடி கோடி அன்று, 205 ஆயிரம் கோடி பருவடியின் பத்திலொரு பங்கான 205 டி.எம்.சி. நீர் விடுமாறு இடைக்கால ஆணை தந்தது. ஆணை அரசிதழில் ஏறிய திசம்பரிலேயே, பெங்களூர்த் தமிழர் உயிரையும் உடைமையையும் இழந்து ஓடிவந்தனர். சூலை முதற் கிழமையில் இருமுறை உருபாவின் மதிப்பு குறைக்கப்பட்டது. ஏறத்தாழ 47 தொன் பொன் இலண்டனுக்கு அடகு சென்றது. இவற்றுள் எந்த முடிவு தமிழில் எழுதப்பட்டது? எந்த முடிவு தமிழனைக் கேட்டு எடுக்கப்பட்டது?

"வயிற்றுக்குச் சோறு தேடுபவனுக்கு மொழி எதற்கு?" என வினவும் அறிவாளிகள் உளர். அவர்கள் வாலாசாப்பேட்டைக்கு வரட்டும்! தென்னாட்டின் முதல் தொடர்வண்டி 1856 சூலையில் இராயபுரத்திலிருந்து வந்து நின்ற ஊர்ப்பக்கம் அது. அதைச் சுற்றி இராணிப்பேட்டை, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி என நீள்கிறது தோல் தொழில். இந்தியத் தோற்பொருள்களையும் காலணிகளையும் பெருமளவில் வாங்கிவந்தது சோவியத்து ஒன்றியம். உருபாவிலேயே விலை தந்து நடந்த அவ் வணிகம் ஒன்றியத்தோடு குலைந்தது. மாசுகோவில் கொடி இறங்கினால் பாலாற்றங்கரையில் அடுப்பு அணையும் என்பதைத் தோலைத் தொட்டியில் மிதிக்கும் உழைப்பாளிக்கு எவர் முன்கூட்டிச் சொன்னார்? ஒப்பந்தம் அவன் அறியா மொழியில். விலை அவன் அறியா மொழியில். சோற்றைத் தருவதும் பறிப்பதும் தாளில் எழுதிய சொல். அச் சொல்லைப் படிக்க இயலாதவன் வயிறு என்றும் பிறன் கையில்தான்!

சோறு மட்டுமா? நீரும் போயிற்று. பாலாறு பாழாவதை எதிர்த்து வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் உச்ச நயமன்றத்தில் வழக்குத் தொடுத்ததும் அதே 1991-இல்தான். ஐந்தாண்டு கழித்து, 1996 ஆகத்து 28-இல் தீர்ப்பு வந்தது. ஒரு கிலோ தோல் பதனிட ஏறத்தாழ 35 இலிட்டர் நீர். குரோமியப் பதனீட்டில் 170 வகை வேதியற் பொருள்கள். தோலாலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் முற்றிலுமோ ஓரளவோ பாழ் என அத் தீர்ப்பு பதிவு செய்தது. வருமுன் காத்தலும், கெடுத்தவனே ஈடு செய்தலும் நாட்டின் சட்டம் என்றது. ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 உருபா தண்டம் விதித்தது. நிலம் இழந்தவன் தமிழன். கிணறு இழந்தவன் தமிழன். தீர்ப்போ ஆங்கிலத்தில்!

சென்னை உயர்நயமன்றத்திலேனும் தமிழ் ஒலிக்கட்டும் எனச் சட்டமன்றம் 2006-இல் தீர்மானம் செய்தது. இன்றுவரை இசைவில்லை. உத்தரப் பிரதேசம், பீகார், இராசசுத்தான், மத்தியப் பிரதேசம் ஆகியவற்றின் உயர்நயமன்றங்களில் இந்திக்கு இடமுண்டு. தமிழுக்கோ கதவடைப்பு! இதற்குப் பெயர் ஒருமைப்பாடாம்!

பழியெல்லாம் தில்லிக்கேயன்று. தோலாலைகளில் அடுக்கிய வேதியற் பொருட் பீப்பாய்களின் மேல் எச்சரிக்கை எம் மொழியில் உள்ளதென உணர்வாளர்கள் சென்று பார்க்கட்டும். கூலிச்சீட்டு எம் மொழியில்? கழிவுநீர் அளவைப் பலகை எம் மொழியில்? கடைத்தெருப் பெயர்ப்பலகை எம் மொழியில்? இவற்றை மாற்றத் தில்லியின் இசைவு வேண்டுவதில்லை. 1956-இலேயே தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் வந்துவிட்டது. சட்டம் ஏட்டில் உறங்கினால் குற்றம் உறங்கவிட்டவர்களுடையது.

பதினாறு இலக்கம் மக்களும் இல்லாத நாடு தன் மொழியை அரியணை ஏற்றியது. ஐந்தரைக் கோடிப் பேர், இன்று அதனினும் பெருகியவர், தம் மொழியைத் தம் ஆலை வாயிலில்கூட ஏற்றாதிருப்பதா?

தமிழர்களே! உலகம் விழித்த ஆண்டு போயிற்று. விழிப்பு எந்த ஆண்டிலும் தொடங்கலாம். அது வாலாசாப்பேட்டையின் ஒரு பெயர்ப்பலகையில் தொடங்கட்டும். ஒரு கூலிச்சீட்டில் தொடரட்டும். உயர்நயமன்றத்தின் வாயிலைத் திறக்கும் வரை ஓயாதிருக்கட்டும்!