ஆணியைக் கீழே போடுவோம்!

பெரு நாட்டு மச்சு பிச்சுவைப் படத்தில் பார்த்திருப்பீங்க. இன்கா மக்கள் 15ஆம் நூற்றாண்டில் கட்டிய நகரம். கூட்டம் தாங்காமல், ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான்னு அரசாங்கம் டிக்கெட்டுக்கு அளவு வச்சிருக்கு. அதே இன்காக்கள் கட்டிய இன்னொரு நகரம் சோக்கேகிராவ். அங்கே கூட்டம் குறைவு. காரணம், பஸ் போகாது. மலை ஏறி இறங்கி நாள்கணக்கில் நடக்கணும்.

நம்ம ஜவ்வாது மலையிலும் அப்படி ஓர் இடம் இருக்கே! ஜமுனாமரத்தூர் வர்றவங்க பீமன் அருவி, கோமுட்டேரி படகோடு திரும்பிடறாங்க. மேட்டில் இருக்கும் குள்ளர் வீடுகளைப் பார்க்கிறவங்க கொஞ்சம் பேர்தான். சுற்றிலும் பலகைக்கல், மேலே ஒரு மூடுகல், சிலதில் முன்னால் வட்டமா ஒரு துளை. குள்ளர்கள் குடியிருந்த வீடுன்னு பாட்டி சொல்லுவாங்க. உண்மையில் இவை பெருங்கற்கால மக்கள் இறந்தவர்களுக்காக வைத்த கல்திட்டைகள். மச்சு பிச்சுவைவிட ஆயிரம் வருஷத்துக்கும் மேல் மூத்தவை!

கூட்டம் இல்லைன்னா பத்திரமா இருக்கும்னு நினைக்காதீங்க. தட்டிக் கேட்கவும் ஆள் இல்லையே! ஆறாம் வகுப்பில் நானும் ஒரு கல்லில் ஆணியால் பேர் கீறினவன்தான். போன லீவில் போய்ப் பார்த்தேன். அது இன்னும் அழியலை. வெட்கமா இருந்தது.

என் கருத்து இதுதான். வெளியூர்க்காரங்க வரட்டும். ஆனா கொஞ்சம் கொஞ்சம் பேரா, நம்ம ஊர் ஆளைத் துணைக்குக் கூட்டிக்கிட்டு, நடந்து வரட்டும். மூடுகல் மேல ஏறக்கூடாது. புதையல்னு தோண்டக்கூடாது. இதை அவங்ககிட்ட சொல்ற தகுதி நமக்கு வேணும்னா, முதலில் நாம ஆணியைக் கீழே போடணும்!