தனிக்காட்டு ராஜாவுக்கு இடம் எங்கே?

இரண்டு வயது மகன் தாயை விட்டுப் போய்த் தனியே பிழைப்பானா? புலிக் குடும்பத்தில் அதுதான் வழக்கம். சுமார் இரண்டு வருஷம் தாய்ப்புலி குட்டிகளைக் கண்ணும் கருத்துமாக வளர்க்கிறது. வேட்டையும் பழக்குகிறது. அப்புறம் அதனதன் வழி அதனதற்கு!

சிங்கம் கூட்டமாக வாழும். புலிக்கு அது ஒத்துவராது. புதரில் பதுங்கி, ஓசையில்லாமல் நெருங்கி, திடீரென்று பாய்ந்து கொல்லும் பிராணி அது. கூட்டம் சேர்ந்தால் மான் உஷாராகிவிடும். மேலும் வாரத்துக்கு ஒரு பெரிய இரை வேண்டும்; பங்கு போட்டால் கட்டுப்படியாகாது. ஆகவே மரத்தை நகத்தால் கீறியும், சிறுநீர் தெளித்தும், 'இது என் எல்லை' என்று அறிவித்துவிடுகிறது. வேறோர் ஆண்புலி நுழைந்தால் சண்டைதான்.

2006-ம் ஆண்டுக் கணக்குப்படி இந்தியாவில் 1,411 புலிகள். 2022-ம் ஆண்டு மதிப்பீடு 3,682. சந்தோஷமான சேதிதான். ஆனால் காடு அதே அளவு பெருகவில்லையே! வளர்ந்த குட்டிகள் எங்கே போகும்?

மராட்டிய மாநிலத்தில் 2019-ம் ஆண்டு நடந்ததைக் கேளுங்கள். திபேஷ்வர் சரணாலயத்தில் பிறந்த ஓர் இளம் ஆண்புலி, சொந்தமாக ஓர் எல்லை தேடிப் புறப்பட்டது. கழுத்தில் ரேடியோ பட்டை கட்டியிருந்ததால் அது போன வழியெல்லாம் தெரிந்தது. வயல், ஓடை, நெடுஞ்சாலை எல்லாம் கடந்து, தெலங்கானாவுக்குள்ளும் போய்த் திரும்பியது. மொத்தம் சுமார் 3,000 கிலோமீட்டர்! வழியில் கால்நடைகளைத் தின்றது. மனிதரை வேட்டையாடவில்லை. அது படுத்திருந்த புதருக்குள் சிலர் போனபோது ஒருவருக்குக் காயம், அவ்வளவுதான். கடைசியில் ஞானகங்கா சரணாலயத்தில் தங்கியது. அங்கே இரை இருந்தது. ஆனால் வேறு புலியே இல்லை. தனியே வாழ்கிற புலிக்கும் ஜோடி வேண்டாமா?

புலிக்கணக்கு வந்தால் பத்திரிகைகளில் கொட்டை எழுத்தில் போடுகிறோம். ஒரு காட்டுக்கும் இன்னொரு காட்டுக்கும் நடுவே புலி நடந்துபோக வழி இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. அந்த வழியில்தான் பருத்தி வயலும் இருக்கிறது, ஆட்டுப்பட்டியும் இருக்கிறது. புலி வந்தால் நஷ்டம் ஏழை விவசாயிக்கு. நஷ்டஈடு தாமதித்தால் அவன் கோபம் புலிமேல் திரும்பும்.

வழி விட முடியாது என்பதில்லை. நாகபுரிக்கு வடக்கே, பெஞ்ச் காட்டின் ஊடே செல்லும் நெடுஞ்சாலையைச் சில இடங்களில் தூண்கள்மேல் உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். அதில் ஒன்றின் நீளம் 750 மீட்டர். மேலே லாரிகள் ஓடுகின்றன. கீழே புலியும், மானும், காட்டுப்பன்றியும் கடந்து போவதைக் காமிராக்கள் படம் பிடித்திருக்கின்றன.