பணம் வாங்குவதற்குப் 'பின்' எதற்கு?

வீட்டில் பழைய பிரிட்ஜ் ஒன்று இருக்கிறது. புதிது வாங்கியாயிற்று, இதை விற்றுவிடலாம் என்று படம் பிடித்துச் செல்போனிலேயே விளம்பரம் கொடுக்கிறீர்கள். பத்தே நிமிஷத்தில் போன் வருகிறது. பேரம் இல்லை. பிரிட்ஜை வந்து பார்க்க வேண்டும் என்ற பேச்சுகூட இல்லை.

"நீங்க கேட்ட ஆறாயிரத்தையே அனுப்பிடறேன் மேடம். ஒரு கியூஆர் படம் அனுப்பறேன். அதை ஸ்கேன் பண்ணி, உங்க பின் நம்பரைப் போடுங்க. பணம் உடனே உங்க கணக்குக்கு வந்துடும்."

நீங்களும் போடுகிறீர்கள். ஆறாயிரம் வரவில்லை. உங்கள் கணக்கிலிருந்து ஆறாயிரம் போயிருக்கிறது!

கத்தரிக்காயை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துச் சொத்தை இல்லாமல் வாங்குகிறவர்கள்தாம் நாம். தங்கத்தில் ஒரு குண்டுமணி குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவோம். அப்படிப்பட்ட நாம் இதில் மட்டும் ஏமாறுவானேன்? படிப்பு இல்லாததாலா? இல்லவே இல்லை. டாக்டர்களும் பேராசிரியர்களும் இதேபோல் பணத்தைப் பறிகொடுத்திருக்கிறார்கள். காரணம் நம் பழைய பழக்கம் ஒன்றில் இருக்கிறது.

மணியார்டர் வந்தால் என்ன செய்வோம்? போஸ்ட்மேன் நீட்டும் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பணத்தை வாங்கிக் கொள்வோம். பாட்டிக்குப் பென்ஷன் வந்தால் கைநாட்டு. ரேஷன் கடையிலும் விரலை வைத்தால்தான் அரிசி. 'வாங்குகிறவர் கையெழுத்துப் போட வேண்டும்' என்பது நமக்குள் ஊறிப்போன வழக்கம். அதனால்தான் "பணம் வரணும்னா பின் போடுங்க" என்று ஒருவன் சொல்லும்போது அது நியாயமாகவே படுகிறது.

செல்போனில் நடப்பது நேர் எதிர். 2016-ல் நம் நாட்டில் வந்த யு.பி.ஐ. முறையில், பின் எண் என்பது கொடுப்பவர் போடும் கையெழுத்து. செக்கில் கையெழுத்திட்டால் நம் கணக்கிலிருந்து பணம் போகுமல்லவா, அதே போலத்தான். உங்களுக்கு ஒருவர் பணம் அனுப்ப வேண்டுமென்றால் அவர்தான் தம் பின் எண்ணைப் போட வேண்டும். நீங்கள் எதையும் போட வேண்டாம். போனைத் தொடக்கூட வேண்டாம். அது மேஜைமேல் கிடந்தாலும் பணம் தானே வந்து சேரும். கியூஆர் படத்தை ஸ்கேன் செய்வதும் பணம் கொடுப்பதற்குத்தான். கடைக்காரர்தான் கியூஆர் அட்டையை மாட்டி வைத்திருக்கிறார். ஸ்கேன் செய்வது காசு கொடுக்கும் நாம்தானே?

கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கவும் போன் பின் கேட்கும். அதை நீங்களாக, தனியாக இருக்கும்போது பார்த்துக் கொள்ளுங்கள். யாரோ ஒருவர் லைனில் இருந்துகொண்டு "இப்ப பேலன்ஸ் பாருங்க" என்றால் பார்க்காதீர்கள்.

இதில் நல்ல செய்தி ஒன்று உண்டு. "எனக்கு இவ்வளவு அனுப்பு" என்று ஒரு தனி நபர் இன்னொரு தனி நபருக்கு யு.பி.ஐ.யில் கோரிக்கை அனுப்பும் வசதி இருந்தது. திருடர்கள் அதை நன்றாகப் பயன்படுத்திக் கொண்டார்கள். 2025 அக்டோபர் 1 முதல் அது நிறுத்தப்பட்டுவிட்டது. ஆனால் கியூஆர் படத்தை அனுப்பி ஏமாற்றும் வழி அடைபடவில்லை. அதே அக்டோபரில், பின் எண்ணுக்குப் பதில் விரல் ரேகையையோ முகத்தையோ காட்டிப் பணம் அனுப்பும் வசதியும் அறிமுகமாயிற்று. ஆகவே, விரலை வைக்கச் சொன்னாலும் முகத்தைக் காட்டச் சொன்னாலும் அதுவும் கையெழுத்துத்தான் என்பதை நினைவில் வையுங்கள்.

பயம் காட்டும் குரல்

முதல் வகைத் திருடன் ஆசை காட்டுகிறான். இரண்டாம் வகையினர் பயம் காட்டுகிறார்கள்.

"உங்க பேர்ல வந்த பார்சல்ல போதை மருந்து இருக்கு. நான் போலீஸ் ஆபீசர் பேசறேன். வீடியோ காலை கட் பண்ணக்கூடாது. வீட்டுல யார்கிட்டேயும் சொல்லக்கூடாது. நீங்க இப்ப டிஜிட்டல் அரெஸ்ட்ல இருக்கீங்க!"

திரையில் காக்கிச் சட்டை தெரியும். பின்னால் போலீஸ் ஸ்டேஷன் மாதிரி ஒரு சுவர், ஒரு கொடி. கை கால் நடுங்கத்தான் செய்யும். ஆனால் ஒன்றைத் தெரிந்து கொள்ளுங்கள்: 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று ஒன்று நம் நாட்டுச் சட்டத்திலேயே கிடையாது. 2024 அக்டோபர் 27 அன்று பிரதமரே தம் 'மனதின் குரல்' வானொலி உரையில் இதைப் பற்றி எச்சரித்தார். எந்தப் போலீஸும் எந்த நீதிபதியும் வீடியோ காலில் கைது செய்வதில்லை. கேஸை முடித்துத் தருவதாகச் சொல்லிப் பணத்தை ஒரு கணக்குக்கு அனுப்பச் சொல்வதுமில்லை.

இப்படிப் பேசுகிறவர்கள் எல்லோரிடமும் பொதுவாக இரண்டு வாக்கியங்கள் இருக்கும். "உடனே செய்யணும்" என்பது ஒன்று. "யார்கிட்டேயும் சொல்லாதீங்க" என்பது இன்னொன்று. "இன்னிக்கு ராத்திரிக்குள்ள பணம் கட்டலேன்னா உங்க வீட்டுக் கரண்டைக் கட் பண்ணிடுவோம்" என்று மின்சார வாரியத்தின் பெயரில் வரும் செய்தியும் இந்த ரகம்தான். அவசரமும் ரகசியமும் சேர்ந்து வந்தால் அது மோசடி என்று வைத்துக் கொள்ளுங்கள். போனை வைத்துவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, வீட்டில் யாரையாவது கூப்பிடுங்கள். யாரும் இல்லையா? பக்கத்து வீட்டு மாமியிடம் சொல்லுங்கள். வாய்விட்டுச் சொல்லும்போதே பாதிப் புகை விலகிவிடும்.

இப்போது கம்ப்யூட்டரைக் கொண்டு ஒருவர் குரலைப் போலவே இன்னொரு குரலை உண்டாக்கவும் முடிகிறது. "அம்மா, ஆக்ஸிடென்ட் ஆயிடுச்சும்மா, உடனே பணம் அனுப்பு" என்று ஹாஸ்டலில் இருக்கும் மகன் குரலிலேயே கேட்கலாம். பதறாதீர்கள். போனை வைத்துவிட்டு, உங்களிடம் இருக்கும் அவன் நம்பருக்கு நீங்களே கூப்பிடுங்கள். இன்னொரு யோசனை: குடும்பத்துக்கென்று ஒரு ரகசியச் சொல் வைத்துக் கொள்ளுங்கள். வீட்டு நாயின் செல்லப் பெயராக இருக்கலாம், தாத்தா ஊர்க் குளத்தின் பெயராக இருக்கலாம். அவசரமாகப் பணம் கேட்பவர் அந்தச் சொல்லைச் சொல்லட்டும்.

கல்யாணப் பத்திரிகை வந்திருக்கிறதா?

வாட்ஸப்பில் கல்யாணப் பத்திரிகை வருகிறது. அனுப்பியவர் பெயரும் தெரிந்த பெயராகவே இருக்கிறது. திறக்குமுன் அந்தக் கோப்பின் பெயர் எப்படி முடிகிறது என்று பாருங்கள். 'ஏ.பி.கே.' என்ற மூன்று ஆங்கில எழுத்துகளில் முடிந்தால் தொடாதீர்கள். பத்திரிகை என்றால் படமாகவோ பி.டி.எஃப். ஆகவோதான் வரும். ஏ.பி.கே. என்பது உங்கள் போனுக்குள் ஒரு செயலியைக் குடியேற்றும் பொட்டலம். அனுமதி கேட்கும்; நாம் 'சரி, சரி' என்று தட்டிக் கொண்டே போவோம். அப்புறம் உங்களுக்கு வரும் ஓ.டி.பி. எண்ணை உங்களுக்கு முன்னால் அது படித்துவிடும். பாங்கின் பெயரிலும் அரசாங்கத் திட்டங்களின் பெயரிலும்கூட இப்படி வருகின்றன. தெரிந்தவர் போனே திருடன் கையில் போயிருக்கலாம் என்பதால், தெரிந்த பெயர் என்று நம்பிவிடவும் முடியாது. அவரையே போனில் கூப்பிட்டு, "கல்யாணமாமே?" என்று கேட்டுவிடுங்கள். உறவும் விட்டுப் போகாது!

பாங்கிலிருந்து பேசுவதாகச் சொல்பவர்கள் விஷயத்திலும் ஓர் அடையாளம் உண்டு. கணக்கு சம்பந்தமாக வாடிக்கையாளரை அழைக்கும்போது 1600 என்று தொடங்கும் எண்களையே பயன்படுத்த வேண்டும் என்று 2025 ஜனவரியில் ரிசர்வ் பாங்க், பாங்குகளுக்கு உத்தரவிட்டது. சாதாரணப் பத்து இலக்கச் செல்போன் எண்ணிலிருந்து "பாங்க் மேனேஜர் பேசறேன்" என்றால் உஷாராகிவிடுங்கள். எந்த எண்ணிலிருந்து வந்தாலும் சரி, ஓ.டி.பி.யைக் கேட்பவர் பாங்குக்காரர் அல்ல.

அஞ்சறைப் பெட்டிக் காசு

நம் அம்மாக்கள் அன்றாடச் செலவுக்குச் சில்லறையை அஞ்சறைப் பெட்டியிலோ அரிசிப் பானையிலோ வைத்திருப்பார்கள். நகையும் பெரிய பணமும் பீரோவில் இருக்கும். பீரோச் சாவியை இடுப்பில் செருகிக் கொண்டு காய்கறி வாங்கப் போனதுண்டா? இல்லை. ஆனால் இன்று நாம் அதைத்தான் செய்கிறோம். சம்பளம், சீட்டுப் பணம், பெண் கல்யாணத்துக்குச் சேர்த்தது எல்லாம் இருக்கும் ஒரே கணக்கைப் போனில் இணைத்துவிட்டு, கீரைக் கட்டுக்கும் அதிலிருந்தே காசு கொடுக்கிறோம்.

இரண்டு கணக்கு வைத்துக் கொள்ளுங்கள். ஒன்று அஞ்சறைப் பெட்டி. அதில் மாசச் செலவுக்கான பணம் மட்டும். போனில் யு.பி.ஐ.க்கு இணைப்பது அதை மட்டும்தான். மற்றது பீரோ. அது யு.பி.ஐ. பக்கமே வர வேண்டாம். ஏதோ ஒரு கெட்ட வேளையில் கை தவறினாலும் போவது மளிகைப் பணத்தோடு நிற்கும்.

வாட்ஸப்பில் 'இரட்டைச் சரிபார்ப்பு' என்று ஒரு வசதி உண்டு. அமைப்புகளில் போய் ஆறு இலக்க எண் ஒன்றை நீங்களே வைத்துவிடலாம். உங்கள் பெயரில் வேறு யாரும் வாட்ஸப் திறப்பதை அது தடுக்கும். போன் தொலைந்தால் அதை எந்த சிம்மிலும் வேலை செய்யாதபடி முடக்குவதற்கும், உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கின்றன என்று பார்ப்பதற்கும் மத்திய அரசின் 'சஞ்சார் சாத்தி' தளம் இருக்கிறது. குழந்தைகளிடம் சொன்னால் ஐந்து நிமிஷத்தில் செய்து கொடுத்துவிடுவார்கள்.

போய்விட்டால் என்ன செய்வது?

இவ்வளவு ஜாக்கிரதைக்குப் பிறகும் பணம் போய்விட்டதா? அழுவதை ஒரு மணி நேரம் தள்ளிப் போடுங்கள். முதலில் 1930 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். சைபர் மோசடிப் புகார்களுக்காக மத்திய உள்துறை நடத்தும் உதவி எண் இது. எந்தக் கணக்கிலிருந்து, எவ்வளவு, எப்போது போயிற்று என்று கேட்பார்கள். பரிவர்த்தனை எண்ணையும் கையில் வைத்துக் கொள்ளுங்கள். அடுத்து உங்கள் பாங்கைக் கூப்பிட்டு, கணக்கை நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். வந்த செய்திகளை ஆத்திரத்தில் அழித்துவிடாதீர்கள், அவைதான் சாட்சி. அதன்பின் சைபர் கிரைம் தளத்தில் புகாரை எழுத்தில் பதிவு செய்யலாம், அல்லது போலீஸ் நிலையத்துக்குப் போகலாம்.

ஏன் இத்தனை அவசரம்? திருடன் உங்கள் பணத்தை ஒரே கணக்கில் வைத்திருப்பதில்லை. ஒன்றிலிருந்து இன்னொன்று, அதிலிருந்து வேறொன்று என்று தாவவிட்டு, கடைசியில் ஏ.டி.எம்.மில் எடுத்துவிடுவான். எடுப்பதற்கு முன் தகவல் போய்ச் சேர்ந்தால் அந்தப் பாங்கு பணத்தை அப்படியே நிறுத்தி வைக்கும். அது திரும்பி வரச் சில காலம் பிடிக்கலாம்; ஆனால் திருடன் கைக்குப் போகாது. 2017 ஜூலையில் ரிசர்வ் பாங்க் வெளியிட்ட சுற்றறிக்கையும் நேரத்தைத்தான் கணக்கிட்டது. நம் தவறும் பாங்கின் தவறும் இல்லாமல் பணம் போயிருந்து, தகவல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் சொன்னால் நஷ்டம் நம் தலையில் விழாது என்றது. நாமே எண்ணைச் சொல்லி ஏமாந்திருந்தாலும், புகார் கொடுத்த நிமிஷத்துக்குப் பிறகு போகும் பணத்துக்கு பாங்கே பொறுப்பு என்றது.

ஆனால் சகோதரிகளே, நம்மில் பலர் அந்த முதல் மணி நேரத்தில் என்ன செய்கிறோம்? "அவருக்குத் தெரிஞ்சா என்ன சொல்வாரோ?" "மாமியார் ஆயுசு முழுக்கச் சொல்லிக் காட்டுவாங்களே!" என்று புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக் கொண்டு சும்மா இருந்துவிடுகிறோம். ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. காலையில் மெல்ல வாயைத் திறக்கும்போது பணம் எங்கோ போய்விட்டிருக்கிறது. பறித்தவன் ஒருவன், அவன் தப்பிப் போகப் பன்னிரண்டு மணி நேரம் கொடுத்தது நம் வெட்கம்.

இந்தப் பக்கத்தை வீட்டிலுள்ள ஆண்களிடமும் பெரியவர்களிடமும் காட்டுங்கள். அவர்களுக்கும் ஒரு வார்த்தை: உங்கள் மனைவியோ மருமகளோ அம்மாவோ "பணம் போயிடுச்சு" என்று வந்து நின்றால், "உனக்கு அறிவில்லையா?" என்று கேட்காதீர்கள். "1930-க்குப் போன் பண்ணிட்டியா?" என்று கேளுங்கள். திட்டுக்குப் பயந்து ஒருமுறை மறைத்தவள் அடுத்த முறையும் மறைப்பாள்.

கீழே உள்ளதைக் கத்தரித்துக் காலண்டர் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்:

பணம் வாங்கப் பின் வேண்டாம்.
அவசரம் என்றால் போனை வை.
ரகசியம் என்றால் வீட்டில் சொல்.
போனது தெரிந்தால் உடனே 1930.