யந்திரம் புதிது, எஜமான் மனம்?

தொழிற்சாலைகளிலும் ஆபீசுகளிலும் பெரிய சீர்திருத்தங்கள் செய்யப் போவதாக முதலாளிமாரும் அதிகாரிகளும் அடிக்கடி சொல்லிக் கொள்ளுகின்றார்கள். புது யந்திரம் வாங்குகின்றார்கள். புது விதி எழுதுகின்றார்கள். சுவரில் பலகை மாட்டுகின்றார்கள். செய்யட்டும், நமக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அந்தச் சீர்திருத்தத்தை நடத்தி வைக்கப் புறப்பட்ட பெரிய மனிதர் தமது மனத்தைச் சீர்திருத்திக் கொண்டாரா என்று மாத்திரம் ஒருவரும் கேட்பதில்லை.

பம்பாய்ப் பஞ்சாலைகளின் கதையைத் தோழர்கள் தெரிந்து கொள்ள வேண்டும். அங்கே தறிகள் நீராவியிலும் மின்சாரத்திலும் ஓடின. ஆனால் நெசவுப் பகுதியில் தீண்டாதார் எனப்பட்ட மக்களுக்கு இடம் இல்லை. காரணம் என்ன தெரியுமா? நாடாவில் இருக்கும் தார் தீர்ந்து போனால் வேறு தார் போட்டு, நூலை நாடாவின் துவாரத்தில் வாயை வைத்து உறிஞ்சி வெளியே இழுக்க வேண்டும். ஒருவன் வாய் வைத்த நாடாவில் இன்னொருவனும் வாய் வைக்க நேரும். ஆகவே மேல்ஜாதித் தொழிலாளிக்குத் தீட்டு வந்து விடுமாம்! நெசவில்தான் கூலி அதிகம். அதனால் எச்சிலின் பேரால் ஒரு கூட்டத்து மக்களின் வயிற்றில் அடிக்கப்பட்டது. 1928-ல் நடந்த பெரிய வேலை நிறுத்தத்தின் போது டாக்டர் அம்பேத்கர் இந்த அக்கிரமத்தை எடுத்துக் கேட்டார். முதலாளிகளோ, இது தங்களால் உண்டான குற்றம் அல்ல என்று ஒதுங்கிக் கொண்டார்கள். உலகத் தொழிலாளர் ஒற்றுமையைப் பற்றி மேடையில் பேசிய தலைவர்களுக்கோ, பக்கத்துத் தறியில் ஆள் ஏன் இல்லை என்பது தாமாகத் தோன்றவில்லை.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. வாயால் உறிஞ்சும் நாடா நோயைப் பரப்பும் என்று அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் ராஜ்யத்தார் 1911-லேயே அதற்குத் தடைச் சட்டம் செய்தார்கள். அதாவது, வாய் வைக்காமலே நூல் கோக்கலாம் என்பது உலகத்துக்குத் தெரிந்த விஷயம். அவர்கள் எச்சிலில் நோயைக் கண்டார்கள். நம்மவர்கள் அதே எச்சிலில் ஜாதியைக் கண்டார்கள். நோயைக் கண்டவன் நாடாவை மாற்றினான். ஜாதியைக் கண்டவன் ஆளை விலக்கினான்.

இது பழங்கதை, இப்போது அப்படி இல்லை என்று சிலர் சொல்லக் கூடும். அவர்களைச் சாக்கடைக் குழியண்டை அழைத்துப் போக ஆசைப்படுகின்றோம். மனித மலத்தை மனிதன் கையால் அள்ளுவதைத் தடுக்க 1993-ல் ஒரு சட்டம். அது போதாதென்று 2013-ல் மற்றொரு சட்டம். குழியில் இறங்கிச் செத்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் என்று சுப்ரீம் கோர்ட்டு 2014-ல் சொல்லிற்று. 2023-ல் அதை முப்பது லட்சமாக ஆக்கிற்று. யந்திரத்துக்கும் பஞ்சமில்லை. கசடு உறிஞ்சும் லாரி ஊருக்கு ஊர் உண்டு. ஆள் இறங்காமலே குழியைச் சுத்தம் செய்யும் யந்திரம் ஒன்றைத் திருவனந்தபுரத்தில் 2018-லேயே இறக்கிக் காட்டினார்கள். இவ்வளவும் இருந்தும் விஷவாயுவில் மனிதன் சாவது நிற்கவில்லையே, ஏன்?

லாரியைக் கூப்பிட வேண்டிய அதிகாரியின் மனத்தில், "இவன் இறங்குவதற்கென்றே பிறந்தவன்தானே" என்ற எண்ணம் அப்படியே இருக்கின்றது. வாயினால் அவர் அதைச் சொல்ல மாட்டார். சட்டத்தையும் நன்றாகப் படித்திருப்பார். ஆனாலும் லாரி வர இரண்டு மணி நேரம் ஆகும் என்றால் அவர் கண் தானாக யாரைத் தேடுகின்றது என்று பாருங்கள்! தம் ஜாதிப் பையன் ஒருவன் அங்கே நின்றிருந்தால் அவனை இறங்கச் சொல்லுவாரா? லாரி வரும் வரையில் காத்திருப்பாரா, மாட்டாரா? இந்த வருஷமும் ஆயுத பூஜையன்று அந்த லாரிக்குச் சந்தனம் பூசி, மாலை போட்டு, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவார்கள். இரும்புக்குத் திருஷ்டி கழிக்கின்றவர்களுக்கு மனிதனுக்கு ஒரு கயிறும் முகமூடியும் வாங்க ஞாபகம் வராது.

"மனம் மெல்ல மெல்லத்தான் மாறும், அவசரப்படக் கூடாது" என்பது நமக்கு எப்போதும் கிடைக்கும் உபதேசம். யாருடைய மனம் என்று கேட்கின்றோம். கீழே வேலை செய்கின்றவன் பழக்கம் மாற நாளாகும் என்றால் ஒருவாறு ஒப்புக் கொள்ளலாம். அவனுக்கு வேறு வேலை காட்டப்படவில்லை. மறுத்தால் கூலி போய் விடும். ஆனால் சம்பளமும் அதிகாரமும் பெற்று, மாறுதலை நடத்துவதற்கென்றே நாற்காலியில் உட்கார்ந்திருக்கின்றவனுக்கு எதற்காகத் தவணை? அவன் ஒரு நாள் காலையில் தீர்மானித்தால், அன்று மாலை முதல் எவனும் குழியில் இறங்க வேண்டியதில்லை. சட்டம் மனத்தை மாற்றாது என்று சொல்லிச் சட்டத்தையே கேலி செய்கின்றவர்களையும் நாம் நம்புவதில்லை. சட்டம் வேண்டும், தண்டனையும் வேண்டும். ஆனால் அதைக் கையில் பிடித்திருக்கின்றவன் மனம் பழைய மனமாயிருந்தால், குற்றப் பத்திரிகையில் கடைசிக் கூலிக்கார மேஸ்திரியின் பெயர்தான் ஏறும்.

நமது கூட்டங்களுக்கு வரும் தோழர்களில் முனிசிபாலிட்டியில் இருப்பவர்கள் உண்டு. பட்டறை வைத்திருப்பவர்கள் உண்டு. சங்கத் தலைவர்களும் உண்டு. கருப்புச் சட்டை போட்டு விட்டதாலேயே நமது மனம் வெளுத்து விட்டதாக எண்ணிக் கொள்ள வேண்டாம். உங்கள் பட்டறையில் கூட்டுகின்றவனுக்குத் தனி டம்ளர் இருக்கின்றதா? தெருவில் குழி அடைத்துக் கொண்டால் நீங்கள் முதலில் யாருக்குச் சொல்லி அனுப்புகின்றீர்கள்? அடுத்த முறை உங்கள் வீதியில் ஒருவன் குழியில் இறங்கப் போனால் அவன் கையைப் பிடித்து நிறுத்துங்கள். இறங்கச் சொன்னவர் இன்னார் என்று பெயரைக் கேட்டு எழுதி, ஊர்ப் பெயரோடும் தேதியோடும் கலெக்டருக்கு மனுப் போடுங்கள்; அதன் நகலை நமது காரியாலயத்துக்கும் அனுப்புங்கள்.