வீட்டுக் கம்ப்யூட்டருக்கு கிராபிக்ஸ் கார்டு: பெயரைப் பார்த்து வாங்கலாமா?

நம் வணிகர் இல்லங்கள் பலவற்றில் இன்று ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. பெரும்பாலும் அது ஏதோ ஓர் அலுவலகத்தில் ஓடி முடித்து, மறுவிற்பனைக்கு வந்த சிறிய பெட்டி. பகலில் பில்லும் ஜி.எஸ்.டி. கணக்கும், இரவில் பிள்ளைகளின் பாடமும் விளையாட்டும். "படம் திக்கித் திக்கி வருகிறது, கிராபிக்ஸ் கார்டு போட வேண்டும்" என்று பிள்ளைகள் கேட்டால், நம்மில் ஒரு சாரார் வீண் செலவு என்று மறுத்து விடுகிறோம். இன்னொரு சாரார் கேட்ட பணத்தைக் கொடுத்துவிட்டுக் கடைக்குக் கிளம்பி விடுகிறோம். சரக்கைப் பார்க்காமல் மறுப்பதும் வணிகர்க்கு அழகல்ல. பார்க்காமல் வாங்குவதும் அழகல்ல.

முதலில், குறைவது எது என்று தெரிய வேண்டும். விண்டோஸில் 'டாஸ்க் மேனேஜர்' என்ற பகுதி உண்டு. திக்குகிற வேலையை ஓட விட்டு அதைத் திறந்து பார்த்தால், பிராசசர், ராம், டிஸ்க், கிராபிக்ஸ் ஆகியவற்றில் எது நூற்றுக்கு நூறு உழைக்கிறது என்பது தெரியும். கிராபிக்ஸ் முழுதும் உழைத்து மற்றவை ஓய்ந்திருந்தால் பிள்ளை கேட்பது நியாயம். பிராசசரே மூச்சு முட்டினால் எந்தக் கார்டு போட்டும் பயன் குறைவு. ராம் ஒரே ஒரு 4 ஜி.பி. துண்டாக இருந்தால், இன்னொரு துண்டு சேர்ப்பதே முதல் வைத்தியம். தனிக் கார்டு இல்லாத பெட்டியில் படம் காட்டும் வேலைக்கும் அந்த ராம்தான் பங்கு போகிறது. இரண்டு துண்டாகப் போட்டால் வழியும் அகலமாகிறது. பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டால் பில் போடும் வேலையும் சேர்ந்து வேகமாகும்.

கார்டுதான் தேவை என்று தெரிந்தால், அடுத்தது மின்சாரக் கணக்கு. உதாரணத்துக்கு, 2015-ல் வந்த 6-வது தலைமுறை ஐ5 பெட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். இவற்றில் எஸ்.எம்.பி.எஸ். 180 வாட் அல்லது 240 வாட் என்ற அளவில்தான் இருக்கும். பிராசசருக்கு 65 வாட். மதர்போர்டிலுள்ள ஸ்லாட் கார்டுக்குத் தரக்கூடியது அதிகபட்சம் 75 வாட். மற்றவற்றுக்கு 30 வைத்தால் கூட்டுத்தொகை 170. பெட்டி 180 வாட் என்றால் கையிருப்பு பத்தே வாட்! 240 வாட் என்றால் தாங்கும். பெரிய எஸ்.எம்.பி.எஸ். மாற்றலாம் என்றால், இத்தகைய அலுவலகப் பெட்டிகள் பலவற்றில் கடையில் கிடைக்கும் சாதாரண எஸ்.எம்.பி.எஸ். பொருந்துவதில்லை. ஆகவே தனி மின்இணைப்பு கேட்காத, 75 வாட்டுக்கு மேற்படாத கார்டாகவே பார்க்க வேண்டும். கேபினட் ஒல்லியாக இருந்தால் 'லோ புரொஃபைல்' என்று கேட்டு வாங்க வேண்டும்.

இனி நாம் முக்கியமாகச் சொல்ல வந்தது. இந்தச் சந்தையில் பெயர் ஒன்று, சரக்கு இரண்டு! 2017-ல் வந்த ஜி.டி. 1030 கார்டில் ஜி.டி.டி.ஆர்.5 மெமரி, நொடிக்கு 48 ஜி.பி. தகவல் போய்வரும். 2018-ல் அதே பெயரில் டி.டி.ஆர்.4 மெமரி போட்டு இன்னொன்று வந்தது. அதில் 17 ஜி.பி.கூட இல்லை. ஆர்.டி.எக்ஸ். 3050-ம் அப்படியே. 2022-ல் வந்த 8 ஜி.பி. கார்டு 130 வாட் கேட்கும். 2024-ல் வந்த 6 ஜி.பி. கார்டுக்கு 70 வாட் போதும், ஆனால் அதன் திறன் குறைவு. ஜி.டி.எக்ஸ். 1650-லும் தனி மின்இணைப்பு கேட்பது உண்டு, கேட்காதது உண்டு. 53 வாட்டில் ஓடும் ஆர்.எக்ஸ். 6400 சிக்கனமானதுதான், ஆனால் பழைய ஸ்லாட்டில் அதன் வேகம் குறையும், வீடியோ பதிவுக்கான வசதியும் அதில் இல்லை.

முதல் தரம், இரண்டாம் தரம் என்று துவரம்பருப்பை ஒரே சீட்டு ஒட்டி நாம் விற்றால் வாடிக்கையாளர் மறுநாள் வருவாரா? அந்தக் கேள்வியை நாம் வாங்கப் போகும் இடத்திலும் கேட்க வேண்டும். மெமரி எந்த வகை, எத்தனை ஜி.பி., எத்தனை வாட் என்று கேட்டு, அவற்றைப் பில்லில் எழுதித் தரச் சொல்ல வேண்டும். பழைய கார்டு என்றால் நம் எதிரிலேயே அரைமணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல்ல வேண்டும். வீட்டு மானிட்டரில் வி.ஜி.ஏ. இணைப்பு மட்டும் இருந்தால் அதற்கான கன்வெர்ட்டர் விலையையும் சேர்த்துப் பேச வேண்டும். வீட்டு உபயோகத்துக்கு வாங்கியதைக் கடைப் பெயரில் பில் போட்டு உள்ளீட்டு வரி வரவு எடுப்பது மட்டும் வேண்டாம். சட்டம் அதை ஏற்பதில்லை.

இன்னொன்றையும் மனத்தில் கொள்ள வேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 14-10-2025-உடன் நின்றுவிட்டன. நாம் சொன்ன அந்த 6-வது தலைமுறைப் பெட்டி விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் வகுத்த பட்டியலில் இல்லை. கடன் பாக்கியும் வரிக்கணக்கும் அதே பெட்டியில் இருக்குமானால், விளையாட்டு வேகத்தைவிடக் கணக்கின் பத்திரமே பெரிது. அப்படிப்பட்ட பெட்டியில், பெட்டியின் விலையைவிட அதிகமாகக் கார்டுக்குப் போடுவது நட்டக் கணக்கு. அந்தப் பணத்தைச் சேர்த்து வைத்துப் புதிய பெட்டிக்கு முதலாக்கலாம்.

வாடிக்கையாளர் நம்மிடம் சீட்டு எழுதிக்கொண்டு வருகிறார். நாமும் ரிச்சி தெருவுக்கோ உள்ளூர் கடைக்கோ போகுமுன், எஸ்.எம்.பி.எஸ். வாட், கேபினட் அளவு, மானிட்டர் இணைப்பு, குறைவது எது என்ற நான்கையும் பிள்ளையையே எழுதச் சொல்லி, அவரையும் அழைத்துக்கொண்டு போவோம். நாளை நம் கடையில் கொள்முதலுக்கு உட்காரப் போகிறவரும் அவர்தானே!