தலைக்கவசம் போதுமா?

கட்டடத் தொழிலாளர் ஒருவர் சாரத்திலிருந்து தவறி விழுந்து இறந்தால் ஊரே திரளுகிறது. காவல்துறையினர் வருகின்றனர், இழப்பீடு பேசப்படுகிறது, பங்குத்தந்தை வீடு தேடிச் சென்று செபிக்கிறார். அதே தொழிலாளர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டால்? அப்போதும் மக்கள் கூடுகின்றனர். ஆனால் குரல்கள் தாழ்ந்துவிடுகின்றன. "எல்லாம் குடிதான்" என்று ஒருவர் தொடங்கி வைக்கிறார். மற்றவர்கள் தலையசைக்கின்றனர். பத்தே நிமிடத்தில் விசாரணை முடிந்து தீர்ப்பும் எழுதப்பட்டுவிடுகிறது. அத்தகைய தீர்ப்பை எழுதியவர்களுள் நாமும் ஒருவர். ஆகவேதான் இந்தக் கட்டுரை.

சில ஆண்டுகளுக்கு முன், நாம் பணியாற்றிய பங்கில் சமூகக்கூடம் ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. பூச்சு வேலையில் கைதேர்ந்த கொத்தனார் ஒருவர் அங்கே இருந்தார். நேரம் தவறாதவர், திடீரெனத் தாமதமாக வரத் தொடங்கினார். மதிய உணவைப் பிறரோடு உண்ணாமல் மணற்குவியலுக்கு அப்பால் தனியே போய் அமர்ந்தார். ஒருநாள் தம்முடைய நல்ல கரணையை இளம் பெரியாள் ஒருவனிடம் கொடுத்து, "நீயே வச்சுக்கடா தம்பி" என்றாராம். இவற்றையெல்லாம் கவனித்தவர் பொறியாளர் அல்லர், நாமும் அல்லோம். கல்லும் கலவையும் சுமந்த சித்தாள் ஒருவர். அவர்தான் நம்மிடம் வந்து, "சாமி, அந்த அண்ணன் ஒரு மாதிரியா இருக்காரு. நீங்க கூப்பிட்டு ஒரு வார்த்தை கேளுங்க" என்றார்.

கூப்பிட்டோம். ஆனால் கேட்கவில்லை; பேசினோம். குடியின் கேட்டைப் பற்றியும் குடும்பப் பொறுப்பைப் பற்றியும் பேசினோம். சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்கு வரச் சொன்னோம். "சரிங்க சாமி" என்று தலைகுனிந்து போனார். மூன்றாம் வாரம் அவரை அடக்கம் செய்தோம்.

பிறகுதான் உண்மை தெரிந்தது. முந்தைய ஆண்டு வேறோர் ஊரில், அவருடன் ஒரே சாரத்தில் நின்ற இளைஞன் ஒருவன் கீழே விழுந்து அவர் கண்முன்னே இறந்திருக்கிறான். மறுநாளே அதே சாரத்தில் ஏறி வேலையைத் தொடரும்படி இவருக்குச் சொல்லப்பட்டது. அன்றிலிருந்து இரவில் உறக்கம் இல்லை. உறக்கத்துக்காகவே குடி வந்தது. குடி வந்தபின் கடனும் வந்தது. நாம் கண்டதும் கண்டித்ததும் கடைசிப் படியை மட்டுமே. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும்: அவர் இறந்த வாரத்தில், நம் பங்கு நிர்வாகம் மேஸ்திரிக்குத் தர வேண்டிய தவணை இரண்டு வாரம் தள்ளிப்போயிருந்தது. நன்கொடை வரவில்லை என்பது நம் காரணம். அந்தக் காரணத்தைக் கொண்டு அவர் அரிசி வாங்கியிருக்க முடியாது.

ஆகையால் "குடிதான் காரணம்" என்போரிடம் ஒரு கேள்வி: குடிக்கு என்ன காரணம்? விடியற்காலையில் நம் நகரங்களின் முச்சந்திகளைப் பாருங்கள். தூக்குச்சட்டியோடு ஆணும் பெண்ணுமாக நிற்கின்றனர். எட்டு மணிக்குள் யாரும் அழைக்காவிட்டால் அன்றைய அடுப்பு எரியாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வாரக்கணக்கில் வேலை இருக்காது; முன்பணம் வாங்கியவர் அடுத்த கோடைவரை மேஸ்திரிக்குக் கட்டுப்பட்டவர். நாற்பது வயதிலேயே முதுகும் முழங்காலும் தேய்ந்துபோகின்றன. சித்தாளுக்கோ அதே வெயில், அதே சுமை, ஆனால் குறைந்த கூலி; அந்தி சாய்ந்தபின் வீட்டில் இரண்டாவது வேலைநாள் தொடங்குகிறது. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து தகரக் கொட்டகைகளில் தங்கியிருக்கும் தம்பிகள் நெஞ்சு கனத்தால் யாரிடம் எந்த மொழியில் சொல்வார்கள்? தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2021இல் நம் நாட்டில் தற்கொலை செய்துகொண்ட 1,64,033 பேரில் 42,004 பேர் நாட்கூலிகள். எல்லாரும் கட்டடத் தொழிலாளர் அல்லர் என்பது உண்மையே. ஆனால் நான்கில் ஒருவருக்கும் மேல் நாட்கூலி என்னும்போது, அதைத் தனிமனிதரின் பலவீனம் என்று தள்ளிவிட நம்மால் எப்படி முடிகிறது?

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்லமாட்டோம். தமிழகத்தில் 1994இல் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் அமைந்தது. 1996இல் நடுவண் அரசு இயற்றிய சட்டங்கள் கட்டுமானச் செலவில் ஒரு பங்கைத் தொழிலாளர் நலனுக்கு ஒதுக்கச் செய்தன. இவையெல்லாம் போராடிப் பெற்றவை. எனினும் முறிந்த காலை எண்ணத் தெரிந்த கண்களுக்கு முறிந்த மனம் இன்னும் புலப்படவில்லை. தலைக்கவசம் மண்டையைக் காக்கும். அதனுள் ஓடுவதைக் காக்காது.

நம் திரு அவையின் பங்கு என்ன? 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பு, தெரிந்தே தம் உயிரை மாய்த்துக்கொண்டோருக்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது. 1983ஆம் ஆண்டின் தொகுப்பில் அத்தடை இல்லை. கடுமையான உளக்கோளாறும் வேதனையும் அச்சமும் மனிதரின் பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்றும், அத்தகையோரின் மீட்பைக் குறித்து நம்பிக்கை இழக்கலாகாது என்றும் 1992இல் வெளிவந்த மறைக்கல்வி ஏடு போதிக்கிறது. நாம் குருமடத்தில் பயின்றதும் இதையேதான். ஆயினும் எத்தனை கல்லறைத் தோட்டங்களில் இன்றும் இவர்களுக்கு ஓரத்து மூலைதான்! சட்டம் மாறி நாற்பது ஆண்டுகள் கடந்தும் நம் நாக்கு மாறவில்லை.

சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் இறந்ததைக் குறிப்பிட்ட ஆண்டவர், அவர்கள் மற்றவர்களைவிடப் பெரும் பாவிகளா என்று கேட்டு, இல்லை என்று தாமே விடை சொன்னார். 2014 ஜூன் 28 அன்று சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டனர். இறந்தோரை எண்ணினோம். இடிபாடுகளுக்குள் கிடந்து மீண்டவர்களும், உடன் உழைத்தோரைப் பறிகொடுத்தவர்களும் அதன்பின் எப்படி உறங்கினர் என்று எவர் எண்ணினார்? அவர்களும் அடுத்த ஒரு கட்டடத்தில் ஏறித்தானே பிழைக்க வேண்டியிருந்தது!

சூரைச்செடியின் அடியில் படுத்துச் சாவை வேண்டிய எலியாவுக்கு வானதூதர் மறையுரை ஆற்றவில்லை. தணலில் சுட்ட அப்பமும் ஒரு குவளைத் தண்ணீரும் வைத்தார், உறங்கவிட்டார், மீண்டும் எழுப்பி உண்ணச் செய்தார். யோபுவின் நண்பர்களும் ஏழு நாள் அவரோடு தரையில் அமர்ந்து வாய் திறவாதிருந்தவரை நல்ல நண்பர்களே. பேசத் தொடங்கியபோதுதான் கெட்டார்கள். நம்மைப் போன்ற குருக்கள் அடிக்கடி படிக்க வேண்டிய பகுதி அது.

இந்தத் துன்பத்தை முதலில் காண்பவர் மருத்துவரும் அல்லர், குருவும் அல்லர். உடன் வேலை செய்பவரே. காங்கிரீட் இறுகும்வரை தளத்தின் அடியில் முட்டை எடுக்கக் கூடாது என்பதைச் சென்ட்ரிங் வேலை செய்யும் எந்தத் தம்பியும் அறிவான். உடன் நிற்பவன் தளரும்போது அவனுக்கு முட்டாக நிற்பதும் அவனால் இயலும். சோறு தனியே உண்பது, கருவிகளைப் பிறருக்குக் கொடுத்துவிடுவது, உயரத்தில் கயிறு கட்டாமல் அலட்சியமாக நிற்பது, "இனி எனக்கு என்ன இருக்கு" என்று சிரித்துக்கொண்டே சொல்வது: இவற்றை வேடிக்கையாகக் கொள்ளலாகாது. அருகே அமர்ந்து, "அண்ணே, சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேட்கலாம். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்பது தவறான அச்சம். மனநல மருத்துவர்கள் அதை மறுக்கின்றனர். ஆம் என்றால் அவரைத் தனியே விடாமல், மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிச் செல்ல வேண்டும். 14416 என்ற எண்ணில் அரசின் இலவச மனநல உதவி கிடைக்கிறது. தற்கொலைக்கு முயன்றால் வழக்கு வரும் என்று அஞ்சி மறைப்போர் இன்னும் உள்ளனர். அத்தகையோர் கடும் மன அழுத்தத்துக்கு ஆளானவர்களே எனக் கொண்டு, அவர்களுக்குச் சிகிச்சையும் பராமரிப்பும் அளிப்பதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அரசின் கடமையாக்கியது.

ஆனால் கூட்டாளியைக் கூட்டிப் போகிறவனுக்கு அன்றைய கூலி போகுமே! அறிவுரையாளர் பலரும் இந்த இடத்தில்தான் நழுவிவிடுகின்றனர். சிகிச்சைக்குப் போகிறவர், துணைக்குப் போகிறவர் ஆகிய இருவரின் கூலியையும் கட்டடத்தின் உரிமையாளர் தர வேண்டும் என்பது நம் வாதம். நம் ஞாயிறு திருப்பலிகளில் முன்வரிசையில் அமரும் ஒப்பந்தக்காரர்களும் பொறியாளர்களும் இதைக் கேட்டு முகம் சுளிக்கலாம். மே முதல் நாளில் தொழிலாளரான புனித சூசையப்பருக்குத் தேர் இழுக்கும் நாம், அவருடைய தொழிலைச் செய்பவருக்கு இரண்டு நாள் கூலி தர மறுப்போமானால், தேரை எதற்கு இழுக்கிறோம்?

"செபித்தால் போதாதா சாமி?" என்பாரும் உளர். செபிப்போம். கால் முறிந்தவரைச் செபித்துவிட்டு மாவுக்கட்டுப் போட அனுப்புகிறோமே, அப்படியே செபிப்போம். மாத்திரையை நிறுத்தச் சொல்லும் எந்தச் செபக்கூட்டத்துக்கும் நம் பங்கில் இடமில்லை என்று பலிபீடத்திலிருந்தே அறிவித்திருக்கிறோம்.

வரும் மாதம் நம் ஆலய வளாகத்தில் கெபி கட்டும் வேலை தொடங்குகிறது. ஒப்பந்தத்தில் மூன்று நிபந்தனைகளைச் சேர்த்துள்ளோம்: சனிக்கிழமைக் கூலி எக்காரணத்தாலும் தள்ளிப்போகாது, விபத்து நேர்ந்தால் உடனிருந்தவர்கள் மறுநாள் சாரம் ஏற வேண்டியதில்லை, கூலி உண்டு, மருத்துவமனைக்குப் போகிறவருக்கும் துணை போகிறவருக்கும் கூலி உண்டு. நிதிக்குழுவில் அன்பர் ஒருவர், "இதனால் செலவு கூடுமே சாமி, கெபியின் உயரத்தைக் குறைக்க வேண்டிவரும்" என்றார். குறைத்துவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறோம்.